பாதர் எமிலியானின் மொழிபெயர்ப்பாளர்

வாசுதேவனிடம் சோவியத் யூனியனைப் பற்றி ஒரு குறை சொல்லிப் பாருங்கள். ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை வாசலில் நின்று சொன்னாலும் சரி, செத்தவீட்டில் வரிசையில் நின்று சொன்னாலும் சரி, மனிதர் உங்களை விடமாட்டார். கையிலிருக்கும் முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "நான் அங்கை ஆறு வருசம் இருந்தவன் தம்பி" என்று தொடங்குவார். அவர் முடிக்கும்போது நீங்கள் வாங்கிய மீன் கெட்டுப்போயிருக்கும், அல்லது பிரேதத்தை எடுத்திருப்பார்கள்.

ஆறு வருடம் இருந்தது பொய்யல்ல. கொக்குவிலில் பிறந்து, கட்சியின் சிபாரிசில் புலமைப்பரிசில் பெற்று, எழுபத்தேழில் மொஸ்கோவுக்குப் போய், நெசவு இயந்திரப் பொறியியல் படித்தவர். எண்பத்துமூன்றில் பட்டத்தோடு இலங்கைக்குத் திரும்பினார். ஒரு தமிழன் திரும்புவதற்கு அதைவிட நல்ல வருடம் அவருக்கு அகப்படவில்லை. மூன்றே வருடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தஞ்சம் கேட்டார். எங்கே? முதலாளித்துவத்தின் தலைநகரமான லண்டனில். "ஏன் மொஸ்கோவில கேக்கேல்லை?" என்று மனைவி சுசிலா கல்யாணமான புதிதில் ஒரு தரம் கேட்டார். அதற்கான பதிலை அவர் இன்னமும் தயாரித்துக்கொண்டிருக்கிறார். பெற்றோல் நிலையத்தில் இருபது வருடம், பள்ளிக்கூடமொன்றில் பராமரிப்பு வேலை பதினைந்து வருடம், இப்போது ஓய்வு. ஃபாரஸ்ட் கேட்டில் நகரசபை கொடுத்த கவுன்சில் வீட்டில் இருந்துகொண்டு, இலவச பஸ் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு தரம் மேற்குலகத்தைக் கவிழ்க்கிறார்.

வாதம் முற்றும்போது இறக்குவதற்கென்று அவரிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது.

"அங்கை கோயிலுக்குப் போக விடாங்கள், சாமியாரைப் பிடிச்சு அடைப்பாங்கள் எண்டெல்லாம் கதைக்கிறியள். நான் சொல்லுறன், கேளும். எண்பத்தொண்டில லிப்னோயே எண்டொரு ஊரில, மில்லில எனக்கு ட்ரெயினிங். ஈஸ்ரருக்கு முதல்நாள் சேர்ச்சில பெருநாள் கூட்டம். ஆர் தொண்டர்? நான்! சிவப்புக் கைப்பட்டி கட்டி, கயிறு பிடிச்சு, நல்லூர்த் தேருக்கு நிக்கிற மாதிரி நிண்டனான். அரசாங்கமே ஆள் விட்டுப் பெருநாள் நடத்தினது. இதைவிட என்ன மதச் சுதந்திரம் வேணும் உங்களுக்கு?"

கொம்யூனிஸ்ட் நாட்டில், கிறிஸ்தவக் கோயிலில், யாழ்ப்பாணத்துச் சைவப் பெடியன் தொண்டு. இதற்கு மேல் எதிராளி என்னத்தைப் பேசுவது? நாற்பது வருடமாக யாரும் பேசவில்லை. சுசிலாவுக்கு அந்தக் கதை, அவர் மூச்சு வாங்கும் இடம் உட்பட மனப்பாடம்.

இப்படியிருக்கையில்தான் பெனடிக்ற் வந்து சேர்ந்தார். மன்னார்க்காரர், வால்தம்ஸ்டோ தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத்தின் செயலாளர். ஒவ்வொரு தவக்காலத்திலும் 'விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டோர் நாள்' என்று ஒன்றை நடத்துவார். நாட்டுக்கு நாடு சிறைக்குப் போன குருமார் வந்து பேசுவார்கள். சனம் கண்ணீர் விடும். பிறகு ரோல்ஸ் சாப்பிடும். இந்த வருடம் அவருக்கு ஓர் அதிர்ஷ்டம். மனைவி பிறேமினி வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்பவர். ஸ்ட்ரெதமில் அவர் பராமரிக்கும் கிழவர் ஒரு ரஷ்ய ஓர்தொடொக்ஸ் பாதர், சோவியத் காலத்தில் ஐந்து வருடம் முகாமில் இருந்தவர் என்று தெரியவந்தது.

"ஆள் அருமையான ஆள், அண்ணை. ஆனா ஆங்கிலம் துப்பரவாத் தெரியாது. அவரின்ரை மகளுக்கு அண்டைக்கு ஆஸ்பத்திரியில ஷிப்ட். உங்களை விட்டா லண்டனில றஷ்யன் தெரிஞ்ச தமிழன் ஆர் இருக்கினம்?"

"நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் பெனடிக்ற். அது தெரிஞ்சுதானே கேக்கிறீர்?"

"அது பரவாயில்லை அண்ணை. மொழிபெயர்க்க நம்பிக்கை தேவையில்லை." பெனடிக்ற் குரலைத் தாழ்த்தினார். "ஒண்டுதான். சித்திரவதை கொஞ்சம் விபரமா வந்தா நல்லம். போன வருசம் வந்தவருக்கு வெறும் விசாரணை மட்டும்தான். சனத்துக்குக் காணாது."

வாசுதேவன் ஏன் ஒப்புக்கொண்டார்? பெனடிக்ற் நினைத்ததுபோலப் புகழ்ச்சிக்கு மயங்கியல்ல. அவர் கணக்கு வேறு. கிழவர் எப்படியும் சோவியத்தைத் தூற்றப்போகிறார். வேறு யாராவது மொழிபெயர்த்தால் அது அப்படியே போய்ச் சேரும். மைக் தன் கையில் இருந்தால், ஒரு பொறுப்புள்ள மனிதன் செய்யவேண்டிய சில திருத்தங்களை வழியிலேயே செய்துவிடலாம் அல்லவா? "சரி, வாறன்" என்றார், பெரிய தியாகம் செய்பவர்போல.

நிகழ்ச்சிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, பழகிக்கொள்வதற்காக, பெனடிக்ற் அவரை ஸ்ட்ரெதமுக்குக் காரில் கொண்டுபோனார். பாதர் எமிலியானுக்கு எண்பத்தேழு வயது. முழங்காலுக்குப் போர்வை, நெஞ்சுவரை தாடி, ஜன்னலோரம் பழைய தயிர்க் கோப்பைகளில் தக்காளிக் கன்றுகள். பிறேமினி மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். வாசுதேவன் நாற்பது வருடமாகத் துரு ஏறிக் கிடந்த ரஷ்ய மொழியை எடுத்துத் தட்டி, நீளமாக ஒரு வணக்கம் சொன்னார்.

"உங்கள் ரஷ்யன் நன்றாக இருக்கிறது" என்றார் பாதர். "எழுபதுகளின் பத்திரிகைத் தலையங்கம் கேட்டதுபோல இருக்கிறது."

வாசுதேவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பாதர் தன் கதையைச் சொன்ன விதம் அவருக்குப் பிடித்துக்கூடப் போனது. அழுகை இல்லை, சாபம் இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் அதிகாரி வந்து சட்டிக்குள் என்ன வேகிறது என்பதுவரை பார்த்துவிட்டுப் போனதை, தண்ணீர்க் குழாய் ஒழுகியதைச் சொல்பவர்போலச் சொன்னார். மணி அடிக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குச் சமயம் சொல்லக்கூடாது. "கிழவிகளுக்கு மட்டும் கடவுளை அனுமதித்திருந்தார்கள். கிழவிகள் எப்படியும் சாகப்போகிறவர்கள், கடவுளும் அவர்களோடு போய்விடுவார் என்று ஒரு நம்பிக்கை. அவர்களுக்கும் நம்பிக்கை இருந்தது, பாருங்கள்."

"எந்த ஊர் பாதர்?" என்று கேட்டார் வாசுதேவன்.

"லிப்னோயே. உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு நெசவு மில், ஒரு ஆறு, ஒரு கோயில்."

வாசுதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாதர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"எண்பத்தொன்று. ஈஸ்டருக்கு முதல்நாள் மத்தியானம். சனங்கள் ரொட்டியும் சாயம் பூசிய முட்டையும் ஆசீர்வதிக்கக் கொண்டுவருவார்கள். அந்த வருடம் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். கிழவிகள் உள்ளே, இளையவர்களும் பிள்ளைகளும் வெளியே. மில்லிலிருந்து கைப்பட்டியோடு ஆட்கள் நின்றார்கள். பாதிப் பேருக்குக் குடிவெறி. ஒரே ஒருவன்தான் வேலையை ஒழுங்காகச் செய்தான். ஒரு வெளிநாட்டு மாணவன், கறுப்பாக, ஒல்லியாக. வந்த பிள்ளைகளின் பெயர், வயது, பள்ளிக்கூடம், கூட்டிவந்தது யார், எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதினான். அழகான கையெழுத்து. வழக்கில் அந்தப் பட்டியல்தான் சாட்சி. நீதிபதியே எழுத்தைப் பாராட்டினார். சிறுவர்களை மதத்துக்கு இழுத்தேன் என்று எனக்கு ஐந்து வருடம்."

இனிப் பொய் சொல்லிப் பயனில்லை. வாசுதேவன் சொல்லமாட்டார், அன்று நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மில்லின் இளைஞர் சங்கச் செயலாளர் கைப்பட்டியையும் கோடு போட்ட கொப்பியையும் கொடுத்து, "பெருநாள் கூட்டம், ஒழுங்கு பார், பிள்ளைகளின் பெயரைப் பதிந்துகொள்" என்று சொன்னபோது, யாழ்ப்பாணத்துப் பெடியன் என்ன நினைப்பான்? நல்லூரில் தேரன்று பிள்ளை துலைந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்: நீலச் சட்டை, வயது ஐந்து, பெயர் இன்னது, தாய் உடனே வரவும். பெயர் எழுதுவது அதற்குத்தான் என்று நினைத்தார். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் பிழை வந்திருக்காது. அவருக்கு வந்தது, புல்லரிப்போடு வந்தது.

ஆனால் அது முதல் அரைமணி நேரத்துக்கு மட்டும். அங்கே ஒலிபெருக்கி இல்லை. துலைந்த பிள்ளை ஒன்றும் இல்லை. அரைமணி நேரத்துக்குப் பிறகு, ஆறு பிள்ளைகளோடு ஓர் இளம் ஆசிரியை வந்தாள். நீனா பாவ்லொவ்னா என்று பெயர் சொல்லிவிட்டு, கொப்பியைப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து, "எழுதாதே" என்றாள். பிறகு அழுதாள். வாசுதேவன் ஒரு கணம் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துப் பிடித்தார். அந்தக் கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ஆனாலும் கோடு போட்ட தாளில் ஓர் இடம் வெறுமையாகக் கிடக்க அவருக்கு மனம் வரவில்லை. எழுதினார். அடுத்த வாரம் மில்லில் அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள்.

அரைமணி நேரத்து அறியாமையை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, மிச்சத்தை நாற்பத்துச் சொச்ச வருடம் மறந்திருப்பது சாதாரண திறமை இல்லை.

திரும்பி வரும்போது பெனடிக்ற் கேட்டார். "நல்லாக் கதைச்சியள் போல. சித்திரவதை ஏதும் வந்ததோ அண்ணை?"

"பொதுவாத்தான் கதைச்சம்" என்றார் வாசுதேவன். அதற்குப் பிறகு ஃபாரஸ்ட் கேட் வரும்வரை அவர் வாயிலிருந்து சோவியத் யூனியன் என்ற சொல்லே வரவில்லை. பெனடிக்ற் அவருக்குக் காய்ச்சலாக்கும் என்று நினைத்தார்.

சுசிலா அப்படி நினைக்கவில்லை. மனிதர் இரண்டு நாள் செய்தி பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பெண்சாதிக்கும் விளங்கும். வியாழக்கிழமை தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கக்க வைத்துவிட்டார்.

"தொண்டை கட்டிப்போச்சு எண்டு சொல்லி நிக்கப்போறன்" என்றார் வாசுதேவன்.

"அந்த மனுசன் எண்பத்தேழு வயசில வருது. நீங்கள் தொண்டை கட்டிக்கொண்டு படுக்கப்போறியளோ?"

"எண்டா, போறன். அந்தப் பகுதியை மட்டும் விட்டிட்டுச் சொல்லுறன். அதிகாரியள் பேர் எழுதினவை எண்டு சொன்னாச் சரிதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

சுசிலா கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "விடுங்கோ. நாப்பது வருசமா அந்தப் பகுதியை மட்டும்தானே சொன்னனீங்கள். ஒரு நாளைக்கு விட்டா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வால்தம்ஸ்டோ கோயில் மண்டபத்தில் நூற்றிருபது பேர். சைவக்காரர் பத்துப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள், 'மொஸ்கோ வாசு' பாதருக்கு மொழிபெயர்க்கும் அதிசயத்தைப் பார்க்க. முன் வரிசையில் மரியநாயகி அக்கா கைக்குட்டையோடு தயாராக இருந்தார்; சங்கத்தில் முதலில் அழும் உரிமை அவருடையது. மேடையில் பாதர் எமிலியான் கதிரையில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் மைக்கோடு வாசுதேவன் நின்றார். மொழிபெயர்ப்பாளர் பாதரின் வாயாகவே பேசவேண்டும், 'அவர்' என்று சொல்லாமல் 'நான்' என்றே சொல்லவேண்டும் என்று பெனடிக்ற் முதலே சொல்லி வைத்திருந்தார். அப்போதுதான் உருக்கமாக இருக்குமாம்.

தொடக்கத்தில் வாசுதேவன் தன் கைவரிசையைக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, பூசி மெழுகுவதில் மனிதர் விண்ணன்.

"பக்கத்து ஊர்க் கோயிலை மூடி உருளைக்கிழங்கு அடைத்தார்கள்" என்றார் பாதர்.

"பக்கத்து ஊர்க் கோயிலைப் பொதுமக்களுக்குப் பிரயோசனமா மாத்திச்சினம்" என்றார் வாசுதேவன்.

"வாரா வாரம் என் வீட்டைச் சோதித்தார்கள். படுக்கையைக்கூடக் கிழித்தார்கள்."

"அதிகாரியள் வாராவாரம் வந்து என்னைப் பாத்திட்டுப் போவினம். படுக்கை வசதியெல்லாம் விசாரிப்பினம்."

மரியநாயகி அக்கா கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துவிட்டார். பெனடிக்ற் மேடையோரத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையால் சைகை காட்டினார். இப்படியே போனால் ரோல்ஸ் மட்டும்தான் நிகழ்ச்சியைக் காப்பாற்றும் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும்.

பிறகு பாதர் எண்பத்தொன்றுக்கு வந்தார். கயிறு, கைப்பட்டி, ரொட்டி, முட்டை. வாசுதேவன் கயிற்றையும் சொன்னார், முட்டையையும் சொன்னார். மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார். பாதர் கொப்பிக்கு வந்தார், பட்டியலுக்கு வந்தார். வாசுதேவன் வாயைத் திறந்து, பாடமாக்கி வைத்திருந்த 'அதிகாரியள்' என்ற சொல்லை எடுப்பதற்குள், பாதர் செவ்வாய்க்கிழமை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அந்த மாணவன் என்னைக் கண்டதும் கைகூப்பிக் கும்பிட்டான். அன்று அந்தக் கைப்பட்டிக்காரர்களில் எனக்கு மரியாதை செய்தவன் அவன் ஒருவன்தான். அதனால் எவ்வளவு தொல்லை தெரியுமா? மற்றவர்களை வெறுப்பது சுலபமாக இருந்தது. அவனை வெறுக்கப் போனால் கும்பிட்டது ஞாபகம் வரும். மன்னிக்கப் போனால் கையெழுத்து ஞாபகம் வரும்."

சொல்லிவிட்டு பாதர் நிறுத்தினார். மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். மண்டபமும் காத்திருந்தது. வாசுதேவனுக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு பெயர் கிடையாது. அறுபத்தெட்டு வயது, நரைத்த மீசை, எதற்கும் பதில் வைத்திருக்கும் வாய், எல்லாவற்றோடும் சேர்த்து வெட்கமாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"அந்தப் பிள்ளையளின்ரை பேர் முழுக்க எழுதிக் குடுத்தது... நான்."

வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் துணிந்து ஓர் உண்மையைச் சொன்னார். அதுவும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. மரியநாயகி அக்கா நெஞ்சில் கையை வைத்தார்.

"யேசுவே! பாதரோ காட்டிக் குடுத்தவர்?"

பின் வரிசைகளில் குசுகுசுப்புக் கிளம்பியது. ஒருவர், "அதுதான் எல்லாரும் வாராவாரம் வந்து சுகம் விசாரிச்சிருக்கினம்" என்றார். இன்னொருவர், "ஆள் அவங்கடை ஆளாக்கும்" என்றார். பெனடிக்ற்றின் முகம் பேயறைந்ததுபோலாகிவிட்டது. துன்பப்பட்டவர் என்று கூட்டிவந்த ஆள் காட்டிக்கொடுத்தவராகிவிட்டால் அடுத்த வருடம் எந்த முகத்தோடு நோட்டீஸ் அடிப்பது? பிறேமினி மட்டும் எழும்பி நின்று, "இல்லை, அப்பிடி இருக்காது" என்று யாரும் கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். பாதர் எமிலியான் ஒன்றும் விளங்காமல், தன்னை முறைத்துப் பார்த்த நூற்றிருபது பேரையும் பார்த்துப் புன்னகை செய்தார்.

வாசுதேவனுக்கு விளங்கிவிட்டது. அவர் 'நான்' என்றதை இவர்கள் பாதரின் 'நான்' என்று எடுத்துக்கொண்டார்கள். இதைவிட வசதியான ஒரு வாசல் எந்தப் பாவிக்கும் திறந்ததில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, பழியும் வேறொருவர் தலையில். பேசாமல் அடுத்த வசனத்துக்குப் போனால் போதும். கிழவருக்குத் தமிழ் தெரியாது. சனத்துக்கு ரஷ்யன் தெரியாது. ஏற்கெனவே ஐந்து வருடம் அவர் தலையில் கட்டியாயிற்று, இதையும் சேர்த்துக் கட்டினால் என்ன?

மண்டபத்தின் கடைசி வரிசையில் சுசிலா இருந்தார். அவர் தலையை ஆட்டவுமில்லை, சைகை காட்டவுமில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இல்லை" என்றார் வாசுதேவன். மைக் கீச்சிட்டது. "நான் எண்டது பாதர் இல்லை. நான் எண்டா நான். வாசுதேவன். ஃபாரஸ்ட் கேட் வாசுதேவன். உங்களுக்கெல்லாம் தொண்டர் எண்டு கதை சொன்னனான்தானே, அந்தத் தொண்டு இதுதான். நான் எழுதின பேரை வைச்சுத்தான் இந்த மனுசனை ஐஞ்சு வருசம் மறியலுக்கு அனுப்பினவங்கள். முதல் விளங்கேல்லைத்தான். பிறகு விளங்கினது. விளங்கின பிறகும் எழுதினனான்."

குசுகுசுப்பு நின்றது. முதல் தரம் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், ஒருவருக்கும் விளங்கவில்லை. இரண்டாம் தரம் கண்ணைத் திறந்துகொண்டு, பெயரும் ஊரும் போட்டுச் சொல்லவேண்டி வந்தது. இரண்டாம் தரம் சொல்வது எவ்வளவு பாரம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாதர் அவருடைய கோட் விளிம்பைப் பிடித்து இழுத்தார். "ஏன் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள்? என்ன சொன்னாய்?" செவ்வாய்க்கிழமை முழுக்க 'நீங்கள்' என்றவர், இப்போது 'நீ' என்றார்.

"அந்த மாணவன் நான்தான் என்று சொன்னேன்."

"தெரியும். செவ்வாய்க்கிழமையே தெரியும். இந்த உச்சரிப்போடு ரஷ்யன் பேசிய ஒரே ஒருவனைத்தான் என் ஆயுளில் சந்தித்திருக்கிறேன். என்ன செய்கிறாய் பார்ப்போம் என்றுதான் வந்தேன். எண்பத்தேழு வயதில் எனக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் நீ இரண்டு தரம் எதையோ சொன்னாய்."

"முதல் தரம், நீங்களே காட்டிக்கொடுத்தீர்கள் என்று நினைத்துவிட்டார்கள்."

பாதர் எமிலியான் சிரித்தார். தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னை நானேயா? விசாரணை அதிகாரிக்கு அந்த யோசனை வரவில்லையே! அவருக்கு எவ்வளவு வேலை மிச்சமாகியிருக்கும்."

"என்னை மன்னிப்பீர்களா?" என்றார் வாசுதேவன். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கேட்கவேண்டிய கேள்வி இல்லைதான். வாயில் வந்துவிட்டது.

"என்னுடைய ஐந்து வருடத்தைக் கேட்கிறாயா? மன்னிப்பது என் தொழில். முகாமில் இரண்டாவது குளிர்காலத்திலேயே அதை முடித்துவிட்டேன். உன்மேல் பாசத்தால் அல்ல, நித்திரை வரவேண்டுமே என்பதற்காக." பாதர் அங்கிப் பையைத் துழாவி ஒரு பழைய அட்டையை எடுத்தார். "ஆனால் ஆசிரியை நீனா பாவ்லொவ்னாவின் மன்னிப்பை நான் எடுத்துத் தர முடியாது. அது என் கையில் இல்லை. அவள் இன்னும் லிப்னோயேயில்தான் இருக்கிறாள். ஞாயிறு தோறும் இந்த நேரத்துக்கு நான் அழைப்பேன். இன்றைக்கு உன்னால் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், அவள் அங்கே ரெலிபோனுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருப்பாள். நீ பேசு. உனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லையே."

"என்ன சொல்றார் அண்ணை?" என்று பெனடிக்ற் கீழேயிருந்து கேட்டார்.

"தேத்தண்ணி குடுக்கட்டாம்" என்றார் வாசுதேவன். அன்றைய கடைசிப் பொய் அதுதான்.

மண்டபத்துக்கும் சமையலறைக்கும் இடையில் ஓடைபோல ஒடுங்கிய நடைவழி ஒன்று இருந்தது. அங்கே நின்று அட்டையில் இருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். சொல்லவேண்டியதை ரஷ்யனில் மனதுக்குள் கோர்த்து வைத்திருந்தார். அழகான, நீண்ட வசனம். 'அன்றைய சூழ்நிலையில்' அதில் இருந்தது, 'என்னை அறியாமல்' இருந்தது, 'இளமையின் காரணமாக' இருந்தது. தலையங்கம்போலப் பேசப் பழகியவர் அல்லவா. மறுமுனையில் மணி அடித்தது, ஏழு தரம், எட்டுத் தரம்.

"பாதர்?" என்றது ஒரு பெண் குரல்.

"பாதர் இல்லை. நான் லண்டனிலிருந்து பேசுகிறேன். அன்றைய சூழ்நிலையில்..."

"யார்? கேட்கவில்லை. பலமாகப் பேசுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதும் மில்லில் போட்டார்கள், இருபத்திரண்டு வருடம் தறிக்கூடத்தில் நின்று காது போய்விட்டது. பலமாக!"

வாசுதேவனுக்கு அந்தத் தறிக்கூடம் தெரியும். முந்நூறு தறி ஒன்றாக ஓடும். பயிற்சிக் காலத்தில் அங்கே அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று மாணவர்களுக்குக் கட்டளை. காதுக்குப் பஞ்சும் கொடுத்திருந்தார்கள்.

'அன்றைய சூழ்நிலையில்' என்பதையெல்லாம் கத்திச் சொல்லிப் பாருங்கள், முடியாது. 'என்னை அறியாமல்' என்று உரக்கக் கத்த எந்த மனிதனாலும் ஏலாது. கத்துவதற்கு ஏற்ற வசனம் ஒன்றுதான் இருந்தது. வாசுதேவன் மூச்சை இழுத்துக் கத்தினார். மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்ற நூற்றிருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சமையலறையில் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். ரஷ்யனில் அவர் என்ன கத்துகிறார் என்பது அங்கே பாதரைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை.

"நான்தான் எழுதினேன்! கோயில் வாசலில்! உன் பெயரை! நான்தான்!"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்போது கேட்டது" என்றார் நீனா பாவ்லொவ்னா. "வைத்துவிடாதே. நான் உட்கார ஒரு கதிரை எடுத்துக்கொண்டு வருகிறேன்."

தரையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. வாசுதேவன் நின்றுகொண்டிருந்தார்.